பாட்டின் அடையாளம்: பாப் டிலன் ரசிகர்களின் தீராத வழக்கு

ராக் இசையில் நீண்ட காலம் நிலைத்த பாடகர்கள் பலரின் ரசிகர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு ஆல்பமே படைப்பு. கச்சேரி அதை நினைவூட்டும் நிகழ்ச்சி. மற்றதற்குக் கச்சேரியே பாட்டின் உயிர். ஆல்பம் ஏதோ ஒரு நாள் பாடியதன் பதிவு. இந்த வழக்கு மிகக் கூர்மையாக நடப்பது பாப் டிலன் விஷயத்தில். 1941இல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்த டிலனின் முதல் ஆல்பம் 1962இல் வந்தது. 1988 ஜூன் 7 அன்று கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரில் தொடங்கிய அவருடைய இசைப்பயணத்தை ரசிகர்கள் முடிவில்லாப் பயணம் என்று அழைக்கிறார்கள். 2019இல் அது 3000 கச்சேரிகளைத் தாண்டியது. மேடையில் அவர் தாளத்தை மாற்றுவார், மெட்டை மாற்றுவார், சில சமயம் வரிகளையும் மாற்றுவார். பழகிய பாட்டு என்று காத்திருப்பவர்கள் இரண்டாவது அடி வந்த பிறகுதான் அது எந்தப் பாட்டு என்று கண்டுகொள்வதுண்டு.

எது சிறந்தது என்ற கேள்வியாகத் தொடங்கும் இந்த வழக்கு சீக்கிரமே வேறொரு கேள்வியில் போய் நிற்கிறது: எது அந்தப் பாட்டு? இரண்டு பதிவுகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒன்றின் வடிவங்களாக இருக்க வேண்டும். அந்த ஒன்று எது என்பது அழகியலில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்படும் பிரச்சினை. அதற்கு மூன்று முக்கியமான விடைகள் உள்ளன.

கட்டமைப்பே பாட்டு என்னும் விடை

முதல் விடையின்படி பாட்டு என்பது ஒலிகளின் ஒழுங்கமைப்பு. அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968இல் வெளியான தமது நூலில் இதை மிகக் கண்டிப்பாக வரையறுத்தார். இசைக்குறிப்பு உள்ள ஒரு படைப்புக்கு, அந்தக் குறிப்பை முழுமையாகப் பின்பற்றும் நிகழ்த்தலே அதன் நிகழ்த்தல். ஒரு சுரம் பிசகினாலும், கறாராகப் பார்த்தால், அது வேறு. ஒரு பிழையை அனுமதித்தால் அடுத்ததையும் அனுமதிக்க வேண்டும். இப்படியே போனால் ஒரு படைப்பு படிப்படியாக இன்னொன்றாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஜெரால்ட் லெவின்சன் 1980இல் இதைச் சற்று மாற்றினார். படைப்பு என்பது வெறும் ஒலிக்கட்டமைப்பு மட்டுமன்று. குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட காலத்தில் சுட்டிக்காட்டிய கட்டமைப்பு, எந்த வாத்தியத்தில் ஒலிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும் என்றார்.

ஐரோப்பியச் செவ்வியல் இசையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட இவ்வரையறைகள் டிலனிடம் வந்து முட்டுகின்றன. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' 1965 ஜூன் 15 அன்று நியூயார்க் ஸ்டூடியோவில் முதலில் மூன்றன் தாளத்தில், வால்ட்ஸ் நடையில் முயலப்பட்டது. மறுநாள் நான்கன் தாளத்துக்கு மாறி, அன்றைய நான்காவது முயற்சியில் உலகம் அறிந்த வடிவம் கிடைத்தது. அந்த வால்ட்ஸ் வேறு பாட்டு என்று எந்த ரசிகரும் சொல்வதில்லை. 2002 முதல் பெரும்பாலான கச்சேரிகளில் டிலன் கிட்டாரை விட்டுவிட்டு கீபோர்டுக்கு மாறினார். அதனால் பழைய பாட்டுகள் மறைந்துபோனதாகவும் யாரும் கருதவில்லை. 2016 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நோபல் விழாவில், பரிசு பெற்ற டிலனுக்குப் பதிலாகப் பாடகி பாட்டி ஸ்மித் 'எ ஹார்ட் ரெய்ன்ஸ் எ-கான்னா ஃபால்' பாடினார். இடையில் வரி மறந்து நின்று, மன்னிப்புக் கேட்டு, மறுபடி தொடங்கினார். குட்மனின் அளவுகோலில் அன்று அந்தப் பாட்டு பாடப்படவே இல்லை. அரங்கில் இருந்தவர்களுக்கோ அது பாடப்பட்டதில் ஐயமில்லை. அளவுகோலுக்கும் நடைமுறைக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் அளவுகோலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒலிப்பதிவே படைப்பு என்னும் விடை

இரண்டாவது விடை ராக் இசைக்காகவே உருவானது. தத்துவவாதி தியடோர் கிராசிக் 1996இல், ராக் இசையின் அடிப்படைப் படைப்பு பாட்டும் அன்று, நிகழ்த்தலும் அன்று; ஒலிப்பதிவே என்று வாதிட்டார். எதிரொலியின் அளவு, கருவிகளின் கலவை, குரலின் கரகரப்பு எல்லாம் படைப்பின் பகுதிகள். இதற்கு மிகப் பொருந்தும் எடுத்துக்காட்டு பீட்டில்ஸ் குழு. 1966 ஆகஸ்டில் கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டு, அப்போது மேடையில் அப்படியே நிகழ்த்த முடியாத 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தை 1967இல் அவர்கள் வெளியிட்டார்கள். அங்கே நாடாவில் அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பியதுதான் படைப்பு.

டிலனின் ஆல்பங்களில் பல இப்படிக் கட்டப்பட்டவை அல்ல. 1960களின் பதிவுகளில் குழுவினர் ஒரே அறையில் சேர்ந்து வாசித்து, பல முயற்சிகளில் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே அந்த ஆல்பமே ஒருவகையில் கச்சேரி. கேட்பவர்கள் இல்லாத கச்சேரி. 1965–66இன் ஸ்டூடியோ நாடாக்கள் 2015இல் விரிவாக வெளியிடப்பட்டபோது, 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' அமர்வுகள் மட்டுமே ஒரு முழு வட்டை நிரப்பின. நான்காவது முயற்சி வெற்றி பெற்றதை அறியாமல் குழுவினர் அதற்குப் பின்னும் பலமுறை வாசித்ததை அதில் கேட்கலாம். படைப்பு என்று பின்னால் உலகம் கொண்டாடியது, நடந்துகொண்டிருந்தபோது பலவற்றுள் ஒன்றாகவே இருந்தது.

ஆயினும் கிராசிக்கின் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. 'ப்ளட் ஆன் த ட்ராக்ஸ்' ஆல்பம் 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒலிப்பதிவாகி, சோதனைத் தட்டுகளும் அச்சாகிவிட்டன. டிசம்பர் இறுதியில் டிலன் மினியாபொலிஸ் நகரில் உள்ளூர் இசைக்கலைஞர்களுடன் ஐந்து பாட்டுகளை மறுபடி பதிவு செய்தார். 1975 ஜனவரியில் வந்த ஆல்பம் இரண்டு ஊர்களின் கலவை. தட்டின் உறை முன்பே அச்சாகியிருந்ததால் மினியாபொலிஸ் கலைஞர்களின் பெயர் அதில் இடம்பெறவில்லை. நியூயார்க் வடிவமே மேல், அது அடங்கிய துயரம் என்பவர்களும், மினியாபொலிஸ் வடிவத்தில்தான் கோபமும் வேகமும் சேர்ந்தன என்பவர்களும் இன்றும் வாதாடுகிறார்கள். 2018இல் நியூயார்க் அமர்வுகள் விரிவாக வெளிவந்த பிறகும் வழக்கு தீரவில்லை. இங்கே ஒப்பிடப்படுபவை ஒரே பாட்டுகளின் இரண்டு ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றின் ஓசைக்கும் தனி மதிப்பு உண்டு என்று ஏற்றால்தான் இந்த வாதத்துக்கே பொருள் உண்டு. அவ்வளவில் கிராசிக் சொல்வது சரி: ஆல்பம் தன்னளவில் முழுமையான ஒரு கலைப்பொருள்.

மரபே பாட்டு என்னும் விடை

மூன்றாவது விடை நாட்டார் இசையிலிருந்து வருவது. அங்கே பாட்டு வாய்வழி நடந்து, ஒவ்வொரு பாடகரிடமும் கொஞ்சம் மாறி, அந்த மாற்றத்தின் வழியாகவே பிழைக்கிறது. மாறாத, முடிவுற்ற ஒரு பொருளாக இசைப்படைப்பைக் கருதும் எண்ணமே மேற்கத்திய இசையில் 1800ஐ ஒட்டித்தான் வேரூன்றியது என்று தத்துவவாதி லிடியா கோயர் 1992இல் எழுதிய நூலில் வாதிட்டார். டிலன் வளர்ந்த மரபு அந்த எண்ணத்துக்கு வெளியே இருந்தது. 'ப்ளோயின் இன் த விண்ட்' பாட்டின் மெட்டு, அடிமை முறையின் ஏலக் களத்தை நிராகரிக்கும் 'நோ மோர் ஆக்ஷன் ப்ளாக்' என்ற கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடலிலிருந்து பிறந்தது. டிலனின் பாட்டுகளும் இதே போல அவரை விட்டு வெளியே போய்த் திரும்பியிருக்கின்றன. 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' 1967இன் இறுதியில் அவருடைய ஆல்பத்தில் எளிய வாத்தியங்களோடு வந்தது. 1968இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை மின்கிட்டாரின் சூறாவளியாக்கினார். 1974 முதல் டிலன் அதை மேடையில் பாடியது பெரும்பாலும் ஹெண்ட்ரிக்ஸ் காட்டிய வழியில். அவர் மிக அதிகமுறை மேடையேற்றிய பாட்டும் அதுவே.

இந்த விடையில் அடையாளம் என்பது தொடர்ச்சி. பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் அரசன் மிலிந்தனுக்குச் சொல்லும் விளக்கு இங்கே உதவும். இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் அதுவேயும் அன்று, வேறும் அன்று. ஒன்றைப் பற்றி மற்றொன்று எழுகிறது. ஒரு மனிதரின் அடையாளத்தைப் பற்றிச் சொன்ன இந்த விளக்கம் பாட்டுக்கும் பொருந்துகிறது. 1966இன் பாட்டும் 2023இன் பாட்டும் ஒரே ஒலியால் அன்றி, ஒன்றிலிருந்து ஒன்று வந்ததால் உறவு பூணுகின்றன.

தொடர்ச்சி மட்டும் போதுமா என்ற கேள்வி எழும். தொடர்ச்சி மட்டுமே அடையாளமானால் 'ப்ளோயின் இன் த விண்ட்' தன் மூலமான ஆன்மிகப் பாடலேதான் என்று சொல்ல நேரும். அப்படி யாரும் சொல்வதில்லை. புதிய சொற்கள் வந்தன, புதிய பெயர் வந்தது, கேட்டவர்கள் அதைப் புதிய பாட்டாக ஏற்றார்கள். மாறாக, 'டாங்கிள்ட் அப் இன் ப்ளூ' 1984இன் ஐரோப்பியக் கச்சேரிகளில் பெரும்பகுதி வரிகள் மாறிய நிலையிலும் அதே பாட்டாக ஏற்கப்பட்டது. ஆகவே தொடர்ச்சியோடு இன்னொன்றும் தேவை: அங்கீகாரம். மாறி வந்ததை அதே பாட்டு என்று அடையாளம் காணும் செவிகள் இருக்க வேண்டும். ரசிகர்களின் விவாதத்துக்கு இங்கே ஓர் எதிர்பாராத தகுதி கிடைக்கிறது. எந்த மாற்றம் பாட்டுக்குள் அடங்கும், எது அதைச் சிதைக்கும் என்று அவர்கள் சண்டையிடும்போது, பாட்டின் எல்லையை வரைவதில் அவர்களும் பங்கேற்கிறார்கள்.

ஆக்கியவர் சொல்லின் எடை

அங்கீகாரம் கேட்பவர்களின் கையில் இருந்தால், ஆக்கியவரின் தீர்ப்புக்கு என்ன மதிப்பு? இலக்கியக் கோட்பாட்டாளர்களான விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல், ஆசிரியரின் நோக்கத்தைக் கொண்டு படைப்பை மதிப்பிடுவது பிழை என்றனர். டிலனின் வரலாறு அவர்கள் பக்கம் சாய்வது போலத் தோன்றும். 'ப்ளைண்ட் வில்லி மெக்டெல்' 1983இல் 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்துக்காக ஒலிப்பதிவாகி, டிலனால் விலக்கப்பட்டது. கள்ளப் பிரதிகளில் அதைக் கேட்ட ரசிகர்கள் அவருடைய மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்றாக அதைக் கொண்டாடினார்கள். 1991இல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. த பேண்ட் குழு 1993இல் அதைப் பதிவு செய்தது. அவர்கள் பாடக் கேட்ட பிறகே, 1997 முதல், டிலன் அதைத் தாமே மேடையேற்றினார். விலக்கியவரை, கேட்டவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் 'டாங்கிள்ட் அப் இன் ப்ளூ' எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 1984இன் மாறிய வடிவமே தாம் எண்ணியதற்கு நெருக்கமானது என்ற கருத்தை டிலன் பின்னர் தெரிவித்தார். பெரும்பாலான ரசிகர்கள் 1975இன் வடிவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே ஆசிரியருக்கு ஒரு வகை அதிகாரம் உண்டு, இன்னொரு வகை இல்லை. இந்த வடிவமும் அதே பாட்டுத்தான் என்று நிறுவும் உரிமை அவருக்கு மற்றவர்களைவிட அதிகம். அவர் பாடியதால்தான் அது அந்தத் தொடர்ச்சியில் சேர்ந்தது. அதுவே மேலானது என்று தீர்ப்பளிக்கும் இடத்திலோ அவரும் கேட்பவர்களில் ஒருவர்.

மீளல் என்னும் சமயச் சிக்கல்

பாட்டின் அடையாளம் பற்றிய விவாதத்துக்கு அடியில் சமயம் சார்ந்த ஒரு கேள்வி இருக்கிறது. கடந்துபோனதை மறுபடி பெற முடியுமா? டேனிஷ் சிந்தனையாளர் சோரன் கீர்க்ககார்ட் 1843இல் எழுதிய 'மீளல்' என்னும் நூல் இதைப் பற்றியது. அதில் வரும் கான்ஸ்டன்டைன், முன்பு மகிழ்ந்திருந்த பெர்லின் நகருக்கு மறுபடி போகிறான். அதே விடுதி, அதே நாடக அரங்கு. எதுவும் பழையபடி அமையவில்லை. பழையதை அப்படியே பெற முயல்வது நினைவுகூர்தல். அது பின்னோக்கியது, துயரத்தில் முடிவது. உண்மையான மீளல் முன்னோக்கியது: எல்லாவற்றையும் இழந்த விவிலியத்தின் யோபு, கடைசியில் திரும்பப் பெற்றதைப் போல, இழந்தது புதிதாகக் கொடுக்கப்படுவது. அது மனித முயற்சியால் ஆவதன்று, விசுவாசத்தில் நிகழ்வது என்பது அந்நூல் சுட்டும் திசை.

ஆல்பத்தில் கேட்டதை மேடையில் அப்படியே கேட்க வந்தவரின் ஏமாற்றம் கான்ஸ்டன்டைனின் ஏமாற்றம். 1966 மே 17 அன்று மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் டிலன் முதல் பாதியைத் தனியாக, மின்சாரம் இல்லாத கிட்டாரோடு பாடினார். இரண்டாம் பாதியில் மின்வாத்தியக் குழு சேர்ந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்' என்று கத்தினார். காட்டிக்கொடுத்தவன் என்ற சமயச் சொல் ஓர் இசைக் கச்சேரியில் ஏன் வர வேண்டும்? கேட்பவர்கள் டிலனின் பாட்டைப் பொழுதுபோக்காக மட்டும் கொள்ளவில்லை. குடிமை உரிமைப் போராட்டக் காலத்தின் உடன்படிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். உடன்படிக்கையை ஒரு தரப்பு மாற்றினால் அது மற்றவருக்குத் துரோகமாகத்தான் தெரியும். அந்த இரவின் நாடா, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரில் பல ஆண்டுகள் கள்ளத்தட்டாகச் சுற்றி, 1998இல் முறையாக வெளியானது. இன்று அதே இரண்டாம் பாதி ராக் வரலாற்றின் பெருங்கச்சேரிகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. துரோகம் எனப்பட்டது ஒரு தலைமுறைக்குள் மரபாகிவிட்டது.

1979இல் சிக்கல் நேரடியாகவே சமயமானது. யூதக் குடும்பத்தில் பிறந்த டிலன் கிறிஸ்தவத்தைத் தழுவி, 'ஸ்லோ ட்ரெய்ன் கமிங்' ஆல்பத்தை வெளியிட்டார். அந்த நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் தொடர்ந்து நடந்த கச்சேரிகளில் புதிய பக்திப் பாட்டுகளை மட்டுமே பாடினார். பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை. கேலிக்குரல்கள் எழுந்தன. ஓராண்டுக்குப் பின், 1980 நவம்பரில், அதே அரங்கில் பழைய பாட்டுகள் திரும்பின. இக்காலத்தைப் பற்றிய விவாதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, ஒரு நம்பிக்கையை ஏற்காதவர் அந்த நம்பிக்கையின் பாட்டை முழுமையாக ரசிக்க முடியுமா என்பது. மற்றது, ஆல்பமா மேடையா என்ற பழைய கேள்வி. 1980இன் 'சேவ்ட்' ஆல்பம் உயிரற்றது என்று ஒதுக்கிய பலர், 2017இல் அக்காலக் கச்சேரிகளின் தொகுப்பு வந்ததும் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆல்பத்தில் கோட்பாடாகக் கேட்டது மேடையில் சாட்சியமாகக் கேட்டது. சாட்சியம் சொல்பவரின் கொள்கையை ஏற்காமலே அவர் குரலின் உறுதியை ஏற்க முடிகிறது. முதல் கேள்விக்கு அனுபவம் தரும் விடை இதுதான்.

அருமையும் தரமும்

விவாதத்தை அடிக்கடி குழப்புவது அருமை, அதாவது அரிதாகக் கிடைத்தல். 1969இல் 'க்ரேட் ஒயிட் ஒண்டர்' என்ற கள்ளத்தட்டு புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்து, கிடைப்பதற்கு அரிய பதிவே உயர்ந்தது என்ற மனநிலை டிலன் ரசிகர்களிடம் உண்டு. வால்டர் பெஞ்சமின் 1930களின் நடுவில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் தனிப்பொலிவை, அதாவது ஓரிடத்தில் ஒரு நேரத்தில் மட்டும் இருக்கும் அதன் இருப்பை, கரைத்துவிடுகிறது என்றார். அந்தப் பொலிவுக்கு வழிபாட்டுச் சடங்கில் வேர் உண்டு என்றும் காட்டினார். 2021இல் டிலன் 'ப்ளோயின் இன் த விண்ட்' பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்தார். அது ஒரே ஒரு தட்டாக வெட்டப்பட்டு, 2022 ஜூலையில் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 15 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 2021 இறுதியில் தொடங்கிய பயணத்தில் பார்வையாளர்களின் கைப்பேசிகள் பூட்டிய உறைக்குள் போயின. இரண்டும் கரைந்த பொலிவைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள். ஒரே ஒருமுறை நிகழ்ந்தது என்பதால் ஒரு கச்சேரிக்கு மதிப்பு கூடலாம். நன்றாக இருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

தீர்ப்பின் சாத்தியம்

அப்படியானால் நன்றாக இருந்தது என்பதற்கு எது சான்று? டேவிட் ஹியூம் 1757இல் நல்ல விமர்சகருக்கு ஐந்து தகுதிகள் சொன்னார்: நல்லறிவு, நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பீடு, முன்முடிவின்மை. நூற்றுக்கணக்கான கச்சேரி நாடாக்களைக் கேட்டு, ஆண்டுவாரியாக வேறுபாடு சொல்லும் ரசிகரிடம் பயிற்சியும் ஒப்பீடும் பல தொழில்முறை விமர்சகர்களைவிட அதிகம் இருக்கும். அவருக்குக் குறைவது பெரும்பாலும் ஐந்தாவது தகுதி. தாம் நேரில் கண்ட இரவையும், இளமையில் வாங்கிய தட்டையும் முன்முடிவின்றிக் கேட்பது கடினம்.

இம்மானுவேல் கான்ட் 1790இல் இனியதையும் அழகியதையும் பிரித்தார். இனியது என்பதில் அவரவர் விருப்பம் அவரவருக்கு. அதில் வழக்கு இல்லை. அழகியது என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அதை நிரூபிக்க விதி எதுவும் கிடையாது, ஆனாலும் எதிர்பார்ப்பு விலகுவதில்லை. டிலன் ரசிகர்கள் அறுபது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருப்பதே அவர்கள் வெறும் விருப்பத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் காட்டுகிறது.

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், வழக்கின் ஒரு பகுதி தீர்க்கக்கூடியது; மற்றொரு பகுதி திறந்தே இருப்பது. ஆல்பமும் பாட்டும் இரண்டு வகைப் பொருள்கள். ஆல்பம் ஒரு தேதியில் முடிவுற்ற ஒலிப்பொருள். அதை அதன் ஓசை, வரிசை, முழுமை கொண்டு மதிப்பிட வேண்டும். பாட்டு, தொடர்ச்சியாலும் அங்கீகாரத்தாலும் நிலைத்து, ஒவ்வொரு மேடையிலும் மீளும் ஒன்று. ஒரு கச்சேரியை, அந்த மீளல் பழையதன் நகலாக நின்றதா, புதிதாகக் கிடைத்ததா என்று கேட்டு மதிப்பிட வேண்டும். ஆல்பம்போல் இல்லை என்பது கச்சேரிக்குக் குறையாகாது. கச்சேரியில் இருந்த உயிர் இல்லை என்பதும் தன்னளவிலேயே ஆல்பத்துக்குக் குறையாகாது. இந்த இரண்டு அளவுகோல்களையும் கலக்காத வரை, நியூயார்க்கா மினியாபொலிஸா என்றும், 1966ஆ 1979ஆ என்றும் காரணம் காட்டி வாதாட இடமுண்டு. எந்த வடிவம் பாட்டின் இறுதி வடிவம் என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை; பாடப்பட்டுக்கொண்டும் கேட்கப்பட்டுக்கொண்டும் இருக்கும் வரை ஒரு பாட்டுக்கு இறுதி வடிவம் ஏற்படுவதில்லை.